வௌவாலைவிடப் பெரிய வண்டு

மேற்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரி மாகாணத்துச் சுண்ணாம்புக்கல் குகைகளில் ஒரு குட்டி வௌவால் வாழ்கிறது. தலையும் உடலும் சேர்ந்து 3 செ.மீ.தான், எடை சுமார் 2 கிராம். பன்றிமூக்கு வௌவால் என்பார்கள். 1973-இல் இதைக் கண்டறிந்த தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா, இது புதிய இனம் என்ற அறிவிப்பு வெளிவருவதற்குள் காலமாகிவிட்டார். 1974-இல் பிரிட்டன் விலங்கியலாளர் ஜான் ஹில் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார்.

அமேசான் காட்டின் டைட்டன் வண்டோ 16 செ.மீ.க்கு மேல் வளரும். பூச்சியின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பாலூட்டி! ஒன்று இதற்குமேல் சிறுக்க முடியாது, மற்றது இதற்குமேல் பெருக்க முடியாது என்ற இடத்தில் இரண்டும் நிற்கின்றன. அதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

வௌவாலைத் தடுப்பது சூடு. பானைச் சோறு வெகுநேரம் சூடாக இருக்கும். தட்டில் எடுத்து வைத்த ஒரு பிடி சட்டென்று ஆறிவிடும். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும். வெப்பமும் அதன் வழியே வேகமாகக் கசியும். வெப்ப இரத்தப் பிராணி அதை ஈடுகட்ட ஓயாமல் இரை தின்ன வேண்டும். ஆனால் இந்த வௌவால் மாலையில் அரை மணி நேரம், விடியலில் 20 நிமிடம் என்ற அளவில்தான் வெளியே பறக்கிறது. மற்ற நேரமெல்லாம் குகையின் கதகதப்பான மேல் அறைகளில்தான் தொங்குகிறது.

சரி, வண்டை எது தடுக்கிறது? மூச்சு. வண்டுக்கு நுரையீரல் கிடையாது. அதன் இரத்தமும் ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. உடலின் ஓரங்களில் இருக்கும் துளைகள் வழியே காற்று நுழைந்து, மெல்லிய குழல்களில் கிளை பிரிந்து ஒவ்வொரு தசைக்கும் நேராகப் போகிறது. உடல் நீண்டால் குழல்கள் நீளவும் வேண்டும், அகலவும் வேண்டும். 2007-இல் அலெக்சாண்டர் கைசர் குழுவினர் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் நான்கு வகை வண்டுகளை எக்ஸ்ரே கதிரால் படம்பிடித்தார்கள். பெரிய வண்டுகளில் குழல்கள் உடலின் கூடுதலான பங்கை அடைத்துக்கொண்டிருந்தன. நெருக்கடி முக்கியமாகக் கால் உடலோடு சேரும் இடத்தில். அந்தக் குறுகிய வாயிலில் குழல் மட்டும் பருத்துக்கொண்டே போனால் தசைக்கும் நரம்புக்கும் எங்கே இடம்? இந்தக் கணக்கில் அவர்களுக்குக் கிடைத்த உச்ச நீளம் சுமார் 16 செ.மீ. டைட்டன் வண்டின் அளவேதான்!

இன்னொரு வேறுபாடும் உண்டு. வளர்ந்த டைட்டன் வண்டு இரையே தேடுவதில்லை என்கிறார்கள். உடலைச் சூடாக வைத்திருக்கும் செலவு அதற்கு இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பு போதும், துணை தேடி இரவில் பறக்க.