நுண்குழாய் எக்ஸ்ட்ரூஷனில் காற்று ரெகுலேட்டர்: 10 பார் கேஜால் ஆகாத வேலை

கதீட்டர் போன்ற மருத்துவக் கருவிகளுக்கான சிறு குழாய்களை எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சு வழியே தள்ளும் இயந்திரத்தில்) எடுக்கும்போது, உருகிய பிளாஸ்டிக் டையை, அதாவது அந்த அச்சை, விட்டு வெளியேறிக் குளிர்நீர்த் தொட்டியை அடையும்வரை சப்பிப்போகாமலிருக்க, டையின் நடுவிலுள்ள பின்னின் துளை வழியாகக் காற்று கொடுக்கிறோம். அந்த அழுத்தம் எவ்வளவு குறைவானது என்பதை, அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை வாங்குகிறவர்கள் பலர் அறிவதில்லை. 2 மி.மீ. வெளிவிட்டமுள்ள, அதாவது கதீட்டர் அளவு முறையில் 6 பிரெஞ்ச் அளவுள்ள குழாய்க்குப் பெரும்பாலும் சில பத்து முதல் சில நூறு மி.மீ. நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தமே போதும். ஒரு பார் என்பதோ ஏறத்தாழ 10,200 மி.மீ. நீர் உயரம்.

பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண ரெகுலேட்டரின் கேஜ் 0 முதல் 10 பார் வரை காட்டும். அதில் மிகச் சிறிய கோடு பெரும்பாலும் 0.2 பார், அதாவது சுமார் 2,000 மி.மீ. நீர் உயரம். நமக்கு வேண்டிய 100 மி.மீ. அந்தக் கோட்டில் இருபதில் ஒரு பங்கு. முள் பூஜ்யத்திலேயே நிற்க, ஆபரேட்டர் கைப்பழக்கத்தால் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். ஷிப்டு மாறினால் குழாயின் அளவும் மாறும்.

‘பிரிசிஷன் ரெகுலேட்டர்’ என்ற பெயரைக் கண்டதும் நிம்மதி அடைவதும் சரியல்ல. 2 பார் வரை செல்லும் ஒரு பிரிசிஷன் ரெகுலேட்டரின் உணர்திறன் (அது உணரக்கூடிய மிகச் சிறிய அழுத்த மாற்றம்) முழு வீச்சில் 0.2 சதவீதம் என்று தரவுத்தாளில் இருந்தால், அது 4 மில்லிபார், அதாவது சுமார் 40 மி.மீ. நீர் உயரம். 100 மி.மீ.யில் ஓடும் குழாய்க்கு அது பெரிய பிசகு. ஆகவே பெயரையோ விலையையோ விட வீச்சையே முதலில் பாருங்கள். வேலை செய்யும் அழுத்தம் ரெகுலேட்டர் வீச்சின் நடுப்பகுதியில் விழ வேண்டும். இவ்வளவு குறைந்த அழுத்தத்தை உணர அகன்ற டயாபிரம் என்ற சவ்வு தேவைப்படுவதால், நல்ல ரெகுலேட்டர்கள் பார்க்கப் பருத்தே இருக்கும்.

வீச்சுக்கு அடுத்து, என் அனுபவத்தில் அதிகம் கவனிக்கப்படாதது காற்றை வெளிவிடும் திறன். குழாயைச் சுருளில் சுற்றச் சுற்ற அதன் நீளம் கூடுகிறது. நுண்ணிய துளையில் தடை பெருகிக் காற்றோட்டம் நின்றுபோகும் நிலைக்கு வருகிறது. காற்று ஓடியபோது இணைப்புக் குழாயில் இழந்த அழுத்தம் இப்போது இழக்கப்படாததால், டைக்கு அருகில் அழுத்தம் மெல்ல ஏறி, சுருளின் தொடக்கத்தைவிட முடிவில் விட்டம் பெருத்துவிடும். வெளிவிடும் வசதியற்ற ரெகுலேட்டராக இருந்தால், குமிழைக் குறைத்தாலும் உள்ளே அடைபட்ட காற்று இறங்காது. கட்டரில் வெட்டும்போதும் கத்தி துளையை ஒரு கணம் மூடுவதால் பின்னழுத்தம் எழுகிறது. எனவே இடைவிடாமல் சிறிது காற்றைக் கசியவிடும் வகையையே தேர்ந்தெடுங்கள். ரெகுலேட்டரிலிருந்து டை வரையுள்ள இணைப்புக் குழாய் அகலமாகவும் குறுகிய நீளத்திலும் இருக்கட்டும். காற்று வீணாகிறதே என்று கசிவுத் துளையை டேப் ஒட்டி அடைக்கும் சிக்கனம் சில ஆலைகளில் உண்டு; மிச்சமாகும் காற்றைவிடக் கழிவாகும் குழாயின் விலை அதிகம்.

பிளாஸ்டிக்கைத் தள்ளும் திருகின் வேகமும் குழாயை இழுக்கும் புல்லரின் வேகமும் மாறாதபோது குழாயின் குறுக்குவெட்டில் பிளாஸ்டிக்கின் அளவு மாறாது. காற்று கூடினால் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் பெருத்துச் சுவர் மெலியும். விட்டத்தை அளக்கும் லேசர் கேஜின் வரைபடத்தில் வெளிவிட்டம் அலையலையாக ஏறியிறங்கினால், திருகைக் குறைசொல்லும் முன் அந்த அலையைக் கம்ப்ரசர் லோடு ஏறி இறங்கும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால், முன்னால் ஒரு சாதாரண ரெகுலேட்டரை வைத்து 6, 7 பாரை முதலில் 2 பார் அளவுக்கு இறக்கி, அதன் பிறகே நுண் ரெகுலேட்டருக்குக் கொடுக்க வேண்டும். எண்ணெயையும் ஈரத்தையும் பிரிக்கும் வடிகட்டி அவசியம். அது இல்லாவிட்டால் கசிவுத் துளை அடைபடும், எண்ணெய் குழாயின் உட்சுவரிலும் படியும்.

பல துளைகள் கொண்ட குழாய்க்குத் துளைக்கு ஒரு ரெகுலேட்டர் வேண்டும். விட்டத்தை ஓட்டத்திலேயே மாற்றிக் கூம்பாக எடுக்கும் குழாய்க்கு மட்டும் மின்னணு ரெகுலேட்டர் தேவை. மற்றவற்றுக்குக் கைக்குமிழே போதும் என்பது என் கருத்து.

ஆர்டர் போடும் முன் ஒரு மாதிரியை வாங்கி, வெளிவாயிலில் நீர் நிரப்பிய யு-குழாய் மானோமீட்டரை மாட்டி, உள்வரும் அழுத்தத்தை ஒரு பார் ஏற்றி இறக்கி நீர்மட்டம் எத்தனை மி.மீ. நகர்கிறது என்று பாருங்கள். பிறகு குமிழைக் குறைத்து, மட்டம் உடனே இறங்குகிறதா என்றும் பாருங்கள்.