அசெம்பிளி ஹால்: சட்டமன்றமும் இல்லை, அரங்கமும் இல்லை

'மாணவிகள் காலையில் சட்டமன்ற மண்டபத்தில் வரிசையாக நின்று பாடினர்.' ஒரு பெண்கள் பள்ளிக் கதையின் மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி. ஆங்கிலத்தில் இருந்தது 'அசெம்பிளி ஹால்', பள்ளி முழுவதும் ஒன்றுகூடும் பெரிய அறை. சிறுமிகள் என்ன மசோதாவா நிறைவேற்றப் போகிறார்கள்? இதே கூத்தை நான் பார்ப்பது மூன்றாம் முறை.

வேரைச் சட்டென்று சொல்லிவிடலாம். லத்தீனில் 'சிமுல்' என்றால் ஒருசேர. அது பிரெஞ்சு வழியாக அசெம்பிளி ஆனது. ஹால் என்பது பழைய ஜெர்மானியச் சொல். கூரையிட்ட பெரிய இடம். சட்டத்துக்கு இதில் வேலையே இல்லை.

சரி, அது கவனக்குறைவு, விட்டுவிடலாம். விவரம் தெரிந்தவர்களே 'அரங்கம்' என்று எழுதுவதுதான் எனக்கு ஆகவில்லை. குறளில் 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று வரும் அரங்கு, காய் ஆடக் கீறிய கட்டம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஏறிய அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். இரண்டுமே ஆடுபவருக்கான இடம். இன்று பார்ப்பவரையும் அதற்குள் சேர்த்துக்கொண்டோம். ஆனாலும் ஆடுபவர் வேறு, பார்ப்பவர் வேறு என்ற பிரிவு அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை.

பள்ளியில் அப்படியா? பாட்டு எல்லோர் வாயிலிருந்தும் வருகிறது. இங்கிலாந்தின் 1944 கல்விச் சட்டம், நாள்தோறும் பள்ளி கூட்டு வழிபாட்டோடு தொடங்க வேண்டும், இடம் கொள்ளுமானால் எல்லோரும் ஒன்றாக, என்றது. அதற்கும் வெகுமுன்பே இத்தகைய கூடங்களில் பெண்கள் வரிசை கட்டி உடற்பயிற்சி செய்தார்கள். தேர்வு வந்தால் அங்கேயே மேசைகள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒட்டிய எண் சீட்டு. மேடை ஓரமாகத் திரை மூடிக் கிடக்கும். அதைப் போய் அரங்கம் என்பதா?

'வழிபாட்டுக் கூடம்' ஒரு வேலையைத்தான் சொல்கிறது. 'பேரவைக் கூடம்' என்றால் மறுபடி சட்டமன்ற வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு, அந்த அறையில் என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காத பழக்கம் இது.

என் தேர்வு 'பொதுக்கூடம்'. வகுப்பறை அந்தந்த வகுப்புக்கு, இது எல்லோருக்கும். கூடு என்ற வினை அதற்குள்ளேயே கேட்கிறது. ஒரு 'ட்' கூடிவிட்டால் பொதுக்கூட்டம் ஆகி மைக் செட் வந்துவிடும், உண்மைதான். அதை மெய்ப்புப் பார்ப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.