குறைவாக ஓடும் காருக்கு இன்ஜின் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பெட்ரோல் காரைத் திருச்சியிலுள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் இரண்டு நொடி கேட்டு அடங்குகிறது என்பதே அவர் சொன்ன குறை. கார் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மீட்டர் 14,000 கிலோமீட்டரைக் காட்டியது. கடைசியாக ஆயில் மாற்றியது 10,000 கிலோமீட்டரில், அதாவது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. அடுத்தது 20,000 கிலோமீட்டரில்தான் என்று அவர் நம்பியிருந்தார். "வண்டி ஓடவே இல்லையே தம்பி, ஆயில் எப்படிக் கெடும்?" என்று உண்மையான வியப்போடு கேட்டார்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதன் அடிப்பக்கத்தை அவரிடம் காட்டினேன். பால் விட்ட காபியை நுரையோடு உறையவைத்ததுபோல ஒரு வெளிர்பழுப்புப் பூச்சு அதில் ஒட்டியிருந்தது. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியபோது, ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும் குழாயின் முனையில் இருக்கும் கம்பி வலையில் பாதிக்கு மேல் கருப்புக் கசடு அப்பியிருந்தது; விரலால் வழித்தால் களிம்புபோலத் திரண்டு வந்தது. அந்த வலை அடைபட்டதால், ஸ்டார்ட் ஆனவுடன், வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்க வேண்டிய டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. அதுவரை தளர்ந்து ஆடும் செயினின் சத்தம்தான் அவர் கேட்ட கடகட.

பெரும்பாலான பெட்ரோல் கார்களின் கையேட்டில் ஆயில் மாற்றும் கெடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது என்றே இருக்கும். முதல் பாதி எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கிறது. பின்பாதியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதே கையேட்டில், குறுந்தூர ஓட்டமும் தூசி மிகுந்த சாலையும் கடுமையான பயன்பாடு என்று தனியாகக் குறிக்கப்பட்டிருப்பதும், அதற்குக் கெடு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டிருப்பதும் உண்டு. வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து கோவில், மறுபடி வீடு என்று மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் மெதுவாக ஓட்டுகிறவர், தம் காரை யாரைவிடவும் பக்குவமாக வைத்திருப்பதாகத்தான் நினைப்பார். இன்ஜினைப் பொறுத்தவரை அவருடையதே கடுமையான பயன்பாடு.

காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பங்கு சைலன்சர் வழியே வெளியேறிவிடுகிறது. சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஆயிலோடு சேர்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும் காரில் ஆயில் நன்றாகச் சூடேறுவதால் அந்த ஈரம் மறுபடி ஆவியாகிப் போய்விடும். டேஷ்போர்டில் வெப்பமுள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். அது காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதற்கு மேலும் பத்து, பதினைந்து நிமிடங்கள் ஓட வேண்டும். அதற்குள் நாம் வீடு சேர்ந்து சாவியைத் திருப்பிவிடுகிறோம். குளிர்ந்த இன்ஜினுக்கு அதிகமாகத் தெளிக்கப்படும் பெட்ரோலில் எரியாமல் எஞ்சுவதும் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது.

இதை ஸ்டார்ட் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே மட்டுமே ஓடும் ஒரு கார் 10,000 கிலோமீட்டரைச் சுமார் முப்பது பயணங்களில் முடித்துவிடும். ஆசிரியரின் காரோ நாளுக்கு இரண்டு முறை என்று வைத்தாலும், ஆண்டுக்கு 700 முறைக்கு மேல் ஸ்டார்ட் ஆகி 2,000 கிலோமீட்டரைக்கூட எட்டாமல், ஒவ்வொரு முறையும் ஆயில் முழுச்சூடு அடைவதற்கு முன்பே அணைக்கப்பட்டிருக்கிறது.

டப்பாவில் இருக்கும் ஆயில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்போது இன்ஜினில் ஊற்றியது மட்டும் ஏன் ஓராண்டில் கெட வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது, நியாயமான கேள்விதான். சீல் உடைக்காத டப்பாவில் காற்றும் ஈரமும் எரிந்த வாயுக் கழிவும் புகுவதில்லை. இன்ஜினுக்குள் இவை மூன்றும் உண்டு. ஈரமும் கழிவு வாயுக்களும் சேர்ந்து அமிலமாகின்றன. அந்த அமிலத்தை முறிப்பதற்கென்றே ஆயிலில் காரத்தன்மையுள்ள சேர்மானங்களைக் கலந்திருக்கிறார்கள். அவை வண்டி நின்றிருக்கும் நாட்களிலும் அமிலத்தோடு வினைபுரிந்து தீர்ந்துகொண்டே வருகின்றன. தீர்ந்த பிறகு பேரிங்குகளை அரிமானத்திலிருந்து காப்பதற்கு ஏதுமில்லை. நிறத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டறிய முடியாது: டீசல் காரில் புது ஆயில் சில நாட்களிலேயே கருத்துவிடும், அது கெட்டுப்போனதாகாது, பெட்ரோல் காரில் தேன் நிறத்தில் தெரியும் ஆயில் தன் வலிமையை இழந்துபோயிருக்கலாம்.

ஆகவே எங்கள் பட்டறையில் நான் சொல்லும் கணக்கு இது. வாரத்தில் ஒரு முறையாவது அரைமணி நேரம் தொடர்ச்சியாக ஓடும் பெட்ரோல் காருக்கு, ஆண்டில் 1,500 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். தெருவிலேயே சுற்றும் காருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்று எவரேனும் வற்புறுத்தினால், கசடு சேர்ந்த இன்ஜினாக இருந்தாலொழிய, அது வீண் செலவு என்பதையும் சொல்ல வேண்டும்.

வண்டியை எடுக்காவிட்டாலும் தினமும் போர்டிகோவில் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் பலர். நல்ல எண்ணத்தில் செய்யும் இந்தப் பழக்கம் இன்ஜினுக்குக் கேடு. நின்றபடி ஐடிலில் ஓடும் அந்தப் பத்து நிமிடத்தில் ஆயில் முழுச்சூடு அடைவதே இல்லை. தண்ணீரும் பெட்ரோலும் மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன. அந்த ஏழு நாள் பெட்ரோலைச் சேர்த்து வைத்து, ஞாயிறு காலையில் புறவழிச் சாலையில் இருபது கிலோமீட்டர் போய்வாருங்கள்.

பி.எஸ்.6 என்னும் புகை மாசு விதிப்படி செய்யப்பட்ட டீசல் கார் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் தன்னில் சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்கப் பல வண்டிகளில் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. குறுந்தூர ஓட்டத்தில் அந்த வேலை பாதியில் நின்று நின்று தொடங்குவதால், அந்த டீசலில் ஒரு பகுதி ஆயிலில் இறங்குகிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றாலோ, அதில் டீசல் வாடை அடித்தாலோ கிலோமீட்டரைப் பார்க்காமல் உடனே மாற்றிவிடுங்கள். பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான்; அதுவே கியருக்கும் கிளட்சுக்கும் சேர்த்து உழைப்பதால், ஓராண்டைத் தாண்ட விடக் கூடாது.

மூடியின் அடியில் வெண்பூச்சைக் கண்டவுடன் கூலன்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயப்படவும் வேண்டாம், பயமுறுத்தினால் உடனே நம்பவும் வேண்டாம். கூலன்ட் அளவு குறையாமல், டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால்போல் வெளுக்காமல் இருந்தால், பெரும்பாலும் அது குறுந்தூர ஓட்டத்தின் ஈரம்தான். கூலன்ட் குறைந்தாலோ ஆயில் வெளுத்தாலோ வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஆசிரியரின் காருக்கு, கசடைக் கரைக்கும் ஃப்ளஷ் மருந்து எதையும் நான் ஊற்றவில்லை. திடீரென்று கரைந்து பெயரும் கசடு மறுபடி அந்த வலையையே அடைக்கும் என்பது என் அனுபவம். சம்ப்பையும் வலையையும் கையால் கழுவி மாட்டி, கையேடு சொல்லும் கிரேடிலேயே ஆயில் ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு முறையும், பிறகு ஆறு மாதத்தில் ஒரு முறையும் மாற்றினேன். பானெட்டுக்கு அடியில் ஒட்டிய சீட்டில் கிலோமீட்டரை எழுதவில்லை. அடுத்து மாற்ற வேண்டிய தேதியை மட்டும் எழுதினேன். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அவர் வந்துவிட்டார். மூடியைத் திறந்து அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் பட்டது மெல்லிய ஆயில் கறை மட்டுமே.