தொரீ: ஷிந்தோ கோயிலின் தோரணவாயில்

இரண்டு தூண்கள், அவற்றின் மேல் இரண்டு குறுக்கு விட்டங்கள். கதவு இல்லை, பக்கச் சுவரும் இல்லை. ஜப்பானின் பூர்விக மதமான ஷிந்தோவின் கோயில்களுக்கு முன்னே நிற்கும் இந்த வாயிலின் பெயர் தொரீ. 'டோரி' என்று பலரும் எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்து வந்த பழக்கம். ஜப்பானியத்தில் முதல் உயிர் குறில், கடைசி உயிர் நெடில். இரண்டையும் தமிழில் அப்படியே எழுத முடியும்.

எழுத்துப்படி 'தொரி' பறவை, 'இ' இருப்பிடம். சூரியதேவி அமதெராசு குகைக்குள் ஒளிந்து உலகம் இருண்டபோது, அவளை வெளியே வரவழைக்கச் சேவல்களைக் கூவ வைத்தார்கள் என்பது புராணம். அந்தச் சேவல்கள் அமர்ந்த பரணே தொரீ என்பார்கள். 'கடந்து உள்ளே செல்' என்ற பொருளிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. பௌத்தத்தோடு கிழக்கே போன இந்தியத் தோரணமே தொரீ ஆனது என்று மூன்றாவது கருத்து. சாஞ்சித் தூபியின் வாயில்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் இது இன்னும் நிறுவப்படாத கருத்து. முடிந்த முடிவாக எழுதுவது தவறு.

தொரீ காவலுக்கான வாயில் அல்ல, எல்லைக்குறி. இதற்கு அப்பால் தெய்வத்தின் இடம். வணங்கிவிட்டு நுழைவார்கள், நடுவழி தெய்வத்துக்குரியது என்பதால் ஓரமாக நடப்பார்கள்.

ஹிரோஷிமா அருகே மியாஜிமா தீவிலுள்ள இத்சுகுஷிமா கோயிலில் இந்த எல்லை கடலுக்குள்ளேயே நிற்கிறது. தீவு முழுவதும் புனிதம் என்று கருதியதால் கோயிலையே அலை வந்து போகும் கரையில் கட்டினார்கள். 12ஆம் நூற்றாண்டில் அதைப் பெரிதாக எடுத்துக் கட்டியவர் அன்றைய போர்க்குலத் தலைவர் தைரா நொ கியொமொரி. இப்போதுள்ள தொரீ 1875இல் எழுந்தது. உயரம் 16 மீட்டருக்கு மேல், பெருந்தூண்கள் கற்பூர மரம். தூண்கள் கடலடியில் புதைக்கப்படவில்லை. மேல் விட்டத்தைப் பெட்டிபோலச் செய்து, உள்ளே கைமுட்டி அளவுக் கற்களை டன் கணக்கில் நிரப்பியிருக்கிறார்கள். அந்தப் பாரம்தான் புயலிலும் அதை நிறுத்துகிறது. 1996இல் இக்கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

தமிழில் என்ன சொல்வது? 'கோபுரம்' பொருந்தாது, அது அடுக்கு நிலைகள் கொண்ட கட்டடம். 'வளைவு' என்றால் உருவமே மாறிவிடும். 'தோரணம்' மட்டும் சொன்னால் இன்று மாவிலைதான் நினைவுக்கு வரும். "தோரண வாயில் காப்பானே" என்று திருப்பாவையில் ஆண்டாள் பாடிய சொல்லே சரி: தோரணவாயில். கட்டுரைகளில் முதல் இடத்தில் 'தொரீ என்னும் தோரணவாயில்' என்று எழுதிவிட்டு, பிறகு தொரீ என்றே தொடரலாம்.