அது திருட்டு முழி இல்லை

போன வாரம் ஒருவர் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இடது கையில் சங்கிலியோடு வந்தார். நாலு வயது லேப்ரடார். "செருப்பைக் குதறிட்டு கட்டிலுக்கு அடியில போய் திருட்டு முழி முழிச்சான் டாக்டர். காலரைப் பிடிச்சு இழுத்தேன், திடீர்னு கடிச்சிட்டான். ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்றார். இந்த மாதத்தில் இது மூன்றாவது. மூன்று பேருமே 'திருட்டு முழி' என்றார்கள், 'திடீர்னு' என்றார்கள். இரண்டும் தப்பு.

முதலில் காயத்தை 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். பிறகு வெறிநாய்க்கடி (ரேபீஸ்) தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். வீட்டு நாய்தானே என்று மஞ்சளோ சுண்ணாம்போ தடவிக்கொண்டு தயவுசெய்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

இப்போது அந்த முழிக்கு வருகிறேன். நியூயார்க்கில் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்து 2009-இல் வெளியிட்டார். வளர்ப்பவர் தின்பண்டத்தைக் காட்டி, தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போவார். திரும்பி வந்ததும் நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள். சில தடவை அது பொய்யாக இருக்கும். தின்ற நாயும் தின்னாத நாயும் ஒரே மாதிரிதான் இருந்தன. திட்டு வாங்கியபோதுதான் அந்த முழி கூடியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகம்.

"திட்டுறதுக்கு முன்னாடியே முழிக்குதே டாக்டர்?" என்று கேட்பார்கள். தரையில் குப்பை, வாசலில் நீங்கள்: இரண்டும் சேர்ந்தால் அடி விழும் என்று அது கற்று வைத்திருக்கிறது. பூனை இழுத்துப் போட்ட குப்பைக்கு நாய் குறுகி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடித்தால், எதற்கு அடி என்றே அதற்குத் தெரியாது. நீங்கள் வீட்டுக்கு வருவதே பயம் என்று மட்டும் பதியும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அந்த லேப்ரடாரை மேசையில் ஏற்றி, அவர் குனிந்து "ஏய்" என்றார். நாயின் தலை அந்தப் பக்கம் திரும்பியது, கண் மட்டும் அவரையே பார்த்தது. ஓரத்தில் பிறை போல வெள்ளை தெரிந்தது. நாக்கு மூக்கை ஒரு தரம் நக்கியது. காது பின்னால் படிந்தது. பிறகு தூக்கமே இல்லாத ஒரு கொட்டாவி. இத்தனையும் "விட்டுடு" என்ற கெஞ்சல். இது புரியாதபோது உறுமும். உறுமியதற்கும் அடித்துப் பழக்கினால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். உங்கள் 'திடீர்' அதுதான்.

கண்ணைப் பார்ப்பதே கூடாதா? நம் நாய், தளர்ந்த உடம்பு, தளர்ந்த கண் என்றால் தாராளமாகப் பாருங்கள். அப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இருவருக்குமே ஆக்ஸிடோசின் என்ற பாச ஹார்மோன் கூடுவதை ஜப்பானில் நாகசாவா என்ற ஆய்வாளரின் குழு 2015-இல் காட்டியது. ஓநாய்களிடம் அது இல்லை. ஆனால் தெரியாத நாயை, சாப்பிடும் நாயை, மூலையில் பதுங்கிய நாயை வெறித்துப் பார்க்காதீர்கள். அதன் கணக்கில் அது சண்டைக்குக் கூப்பிடுவது. குழந்தைகளின் முகம் நாயின் முகத்துக்கு நேராகவே இருக்கிறது. கட்டிப்பிடித்து மூக்கோடு மூக்கு வைத்து செல்ஃபி எடுக்க விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பூனையும் அப்படியே. முறைத்தால் விலகும். கண்ணைச் சுருக்கி, மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். பூனைகள் பதிலுக்கு அதையே செய்வதையும், அப்படிச் செய்யும் புதியவரிடம் நெருங்குவதையும் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒளிந்த நாயை இழுக்காதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். செருப்பை அலமாரியில் வையுங்கள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது நான் தரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவருடைய நாய் என் முழங்கையில் முகவாயை வைத்துப் படுத்திருந்தது. வெறிநோய் அறிகுறி ஏதும் தெரிகிறதா என்று 10 நாள் கவனித்துவிட்டுத் திரும்பக் கூட்டி வாருங்கள் என்று சொல்லிச் சங்கிலியை அவர் கையில் கொடுத்தேன்.