குட்டைத் தண்டு செய்த வேலை

பொருளாதாரம் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "விவசாயம்தான் நாட்டின் முதுகெலும்பு என்கிறார்கள். ஆனால் எந்த நாடு முன்னேறினாலும் மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு குறைந்துகொண்டேதான் வருகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?"

பொருளாதாரப் பதில் சுருக்கமானது. வருமானம் இரண்டு மடங்கானால் யாரும் இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. கூடுதல் பணம் துணிக்கும் வண்டிக்கும் படிப்புக்கும் போகும். 1857-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் (மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் வேறு ஆள்). ஆகவே விளைச்சல் பெருகப் பெருக, வயலில் அத்தனை கைகள் தேவைப்படாது. கைகள் தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் நகரும். விவசாயம் தன் வேலையைச் சரியாகச் செய்தால் அதன் பங்கு சுருங்கத்தான் செய்யும்.

இதெல்லாம் நடக்க ஒரு முன்நிபந்தனை உண்டு. ஒரு குடும்பத்தின் உழைப்பு அந்தக் குடும்பத்தின் வயிற்றை மட்டும் நிரப்பினால் போதாது, மிஞ்ச வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆசியா இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது. மக்கள்தொகை ஏறியது, நிலம் ஏறவில்லை. உரம் இல்லையா என்றால், இருந்தது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் ஹேபர்-பாஷ் முறையில் 1913-லேயே ஜெர்மனியில் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. உரம் தயாராக இருந்தது. அதைச் சாப்பிட்டுச் செரிக்கப் பயிர்தான் தயாராக இல்லை.

ஏன் என்று பார்க்க வேண்டுமானால் அறுவடைக்கு ஒரு வாரம் முந்தைய நெல்வயலுக்குப் போக வேண்டும். பழைய ரகங்கள் ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும். கதிர் முற்றி நுனி கனத்திருக்கும். அந்த நேரத்தில் காற்றோடு ஒரு மழை பெய்தால் கதிர் நனைந்து இன்னும் கனக்கும். தாள் அடியில் மடிந்து பயிர் மொத்தமாகப் படுத்துவிடும். படுத்த பயிரில் வெயிலும் காற்றும் புகாது. தண்ணீரில் கிடக்கும் மணி கதிரிலேயே முளைவிடும். இதில் யூரியாவைப் போட்டால் என்ன ஆகும்? தழைச்சத்து கிடைத்த பயிர் முதலில் செய்வது உயர்வதுதான். தண்டு இன்னும் நீளும், சுவர் மெலியும், கதிர் கனக்கும், சீக்கிரமே சாயும். உரத்தைக் கூட்டினால் கையில் கிடைக்கும் நெல் குறையும். ஒரு கண்டத்தின் பொருளாதாரத்துக்கு முட்டுக்கட்டையாக நின்றது இந்தத் தாளின் வளையும் தன்மை.

வழி எளிதாகத் தெரிகிறது: தண்டைக் குட்டையாக்கு. ஆனால் செடி முழுவதையும் குறுக்கினால் இலையும் கதிரும் சேர்ந்து சுருங்கும். தண்டு மட்டும் குறைய வேண்டும், கதிர் குறையக் கூடாது. இதற்கான சாவி எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

பள்ளியில் 'கோமாளித்தன நோய்' என்று படித்திருப்போம். பூஞ்சை தாக்கிய நெல் நாற்று மற்ற நாற்றுகளைவிட உயரமாக, வெளிறி, ஒல்லியாக ஓங்கி வளர்ந்து கடைசியில் மணி பிடிக்காமல் போகும். 1926-இல் தைவானில் எய்ச்சி குரோசாவா என்ற நோயியலாளர், பூஞ்சையை வளர்த்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சையே இல்லாத அந்த நீரை நாற்றுக்குக் கொடுத்தார். நாற்று அப்போதும் ஓங்கி வளர்ந்தது. அதாவது நாற்றை நீட்டியது பூஞ்சை சுரந்த ஒரு பொருள். 1930-களில் ஜப்பானில் அதைப் பிரித்தெடுத்து ஜிப்ரல்லின் என்று பெயரிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அது செடிகள் தாங்களே சுரக்கும் ஹார்மோன் என்று. பூஞ்சை அதை அளவுக்கு மீறிக் கொட்டுகிறது, அவ்வளவுதான்.

(இன்றைக்கு இதே ஆய்வுக்கு நிதி கேட்டால் "மூன்று ஆண்டுகளில் சமூகப் பயன் என்ன?" என்ற கட்டத்தில் குரோசாவா என்ன நிரப்பியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். 'நோயுற்ற நாற்றின் உயரம்' என்று எழுதினால் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே திரும்பி வந்திருக்கும்.)

இந்த ஹார்மோன் வேலை செய்யும் விதம் கொஞ்சம் தலைகீழானது. செடியின் உயிரணுக்களில் டெல்லா என்ற புரதங்கள் இருக்கின்றன. வளர்ச்சியை அமுக்கிப் பிடித்திருக்கும் பிரேக் இவை. ஜிப்ரல்லின் நேரடியாக எதையும் வளர்ப்பதில்லை. அது ஒரு ஏற்பியில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறி, டெல்லாவின் ஒரு முனையைக் கவ்விக்கொள்ளும். கவ்விய டெல்லாவுக்கு 'அழிக்க வேண்டியது' என்ற அடையாளம் ஒட்டப்படும். உயிரணுவுக்குள் இருக்கும் புரதச் சிதைப்பி அதைத் துண்டு துண்டாக்கிவிடும். பிரேக் போனதும் கணுக்களுக்கு இடையிலுள்ள உயிரணுக்கள் நீள்கின்றன, தண்டு உயர்கிறது.

இப்போது கோதுமைக்கு வருவோம். ஜப்பானில் கோஞ்சிரோ இனாசுகா உருவாக்கி 1935-இல் வெளியான நோரின் 10 என்ற ரகம் இரண்டடி உயரம்தான் வளரும். போர் முடிந்ததும் அதன் விதை அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ஆர்வில் வோகல் என்ற கோதுமை ஆய்வாளர் கைக்கு வந்து, அவரிடமிருந்து மெக்சிகோவில் புதிய கோதுமை ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்த நார்மன் போர்லாக்கிடம் சேர்ந்தது. 1962-இல் மெக்சிகோவின் முதல் குட்டைக் கோதுமை ரகங்கள் வெளியாகின. அந்தக் குட்டைத்தன்மைக்கு எது காரணம் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. 1999-இல்தான் விடை வந்தது. நோரின் 10-இல் டெல்லா மரபணுவில் ஒரு பிழை. அதனால் உருவாகும் டெல்லாவுக்கு ஏற்பி கவ்வும் அந்த முனை மட்டும் இல்லை. ஜிப்ரல்லின் வருகிறது, ஏற்பியில் உட்காருகிறது, கவ்வப் பிடி கிடைக்கவில்லை. பிரேக் போட்டபடியே நிற்கிறது. இந்தக் கோதுமைக்கு வெளியிலிருந்து எவ்வளவு ஜிப்ரல்லின் தெளித்தாலும் நீளாது.

நெல் வேறு வழியில் போயிருக்கிறது. தைவான் விவசாயிகளின் வயலில் இயற்கையாகவே தோன்றிய டீ-ஜியோ-ஊ-ஜென் என்ற குட்டை ரகத்தை, இந்தோனேசியாவின் உயரமான பேட்டா ரகத்தோடு 1962-இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கலப்புச் செய்தார் பீட்டர் ஜென்னிங்ஸ். 1966-இல் அது ஐஆர்8 ஆக வெளியானது. இந்த நெல்லின் டெல்லாவில் கோளாறே இல்லை. ஜிப்ரல்லினைத் தயாரிக்கும் கடைசிக் கட்டங்களில் வேலை செய்யும் ஒரு நொதியின் மரபணு உடைந்திருக்கிறது என்று 2002-இல் கண்டுபிடித்தார்கள். எனவே ஜிப்ரல்லின் தெளித்தால் இந்த நெல் கடகடவென்று உயர்ந்துவிடும். கோதுமைக்குச் செய்தி வருகிறது, காது கேட்கவில்லை. நெல்லுக்குக் காது கேட்கிறது, செய்தி வரவில்லை. இரண்டு குழுக்கள், இரண்டு பயிர்கள், ஒரே ஹார்மோன். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கதிர் மட்டும் எப்படிச் சுருங்காமல் தப்பியது? நெல்லில் அதே நொதியைச் செய்ய இன்னொரு மரபணு இருக்கிறது. பூ உருவாகும் இடத்தில் அது குறையை ஈடுசெய்கிறது. கோதுமையிலோ ஒவ்வொரு மரபணுவும் மூன்று பிரதிகளாக இருப்பதால், ஒன்று கெட்டாலும் மற்றவை ஒழுங்காக ஓடும். அதனால்தான் குட்டை, ஆனால் குள்ளம் இல்லை. தண்டுக்குச் செலவாகாத மாவுச்சத்து கதிருக்குப் போனது. தரைக்கு மேலுள்ள பயிரின் எடையில் தானியத்தின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்துக்கு ஏறியது. உரம் போட்டாலும் சாயவில்லை. இந்தியா 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வாங்கியது. 1964-65-இல் 12.3 மில்லியன் டன்னாக இருந்த கோதுமை 1970-71-இல் 23.8 மில்லியன் டன். 1968-இல் மூட்டைகளை அடுக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடிக் கிடங்காக்க வேண்டியிருந்தது.

இடையில் ஒன்று. "குட்டை ரகமெல்லாம் மரபணு மாற்றிய விஷம்" என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் வருகிறது. இவை ஆய்வகத்தில் மரபணுவைச் செருகி உருவாக்கியவை அல்ல. வயலில் தானாகத் தோன்றிய பிழைகள், பிறகு சாதாரணக் கலப்பு. பழைய உயர ரகங்களுக்கு உண்மையான சிறப்புகள் உண்டு: மாட்டுக்கு நிறைய வைக்கோல் தரும், சில வெள்ளத்தையும் தாங்கும். அவற்றைப் போற்ற இந்தக் காரணங்களே போதும், கட்டுக்கதை எதற்கு?

ஐஆர்8-இல் இன்னொரு குணமும் இருந்தது. பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்காமல், எப்போது நட்டாலும் சுமார் 130 நாளில் அறுவடைக்கு வந்தது. தண்ணீர் இருந்தால் இரண்டாம் போகம் போடலாம். நடவும் அறுப்பும் இரண்டு முறை. முதல் போகத்தை அறுத்துக் களத்தை முடிப்பதற்குள் அடுத்த நாற்றுக்கு ஆள் தேட வேண்டிய அவசரம். கூலியாட்களுக்குப் பேரம் பேச ஒரு வலு வந்தது. நிலக்காரர் கையிலோ உரம், மோட்டார், கடன் வசதி, பிறகு டிராக்டர்.

மிச்சமானது யார் கைக்குப் போனது என்பதை மரபணு தீர்மானிக்கவில்லை. தென்கொரியாவில் 1950-ஐ ஒட்டியே நிலச்சீர்திருத்தம் நடந்து முடிந்திருந்தது. 1970-களில் அங்கே பரவிய தோங்கில் நெல்லிலும் அதே தைவான் குட்டை மரபணுதான். 1977-இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. விளைச்சலின் பலன் சிறு உழவர் வீடுகளுக்கு நேராகப் போனது. அவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலைக்கு நகர்ந்தார்கள்.

இந்தியாவில் நிலம் அப்படிப் பங்கிடப்படவில்லை. புதிய விவசாய உத்தி கிராமத்தில் ஏற்றத்தாழ்வைக் கூர்மையாக்குகிறது என்று 1969-இல் இந்திய உள்துறை அமைச்சகத்தின் அறிக்கையே எச்சரித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சையின் கீழவெண்மணியில் கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கொலையை ஒரு நெல் ரகத்தின் கணக்கில் எழுதுவது அபத்தம்; அதற்குச் சாதியும் நிலவுடைமையும் பதில் சொல்ல வேண்டும். விளைச்சல் கூடினால் சமூகம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

வாசகியின் கேள்விக்கும் இங்கேதான் முழு விடை இருக்கிறது. இந்தியாவில் 1950-களின் தொடக்கத்தில் தேசிய உற்பத்தியில் ஏறக்குறைய பாதி விவசாயம். இன்று ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் உழைப்பவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள். பணம் வயலைவிட்டு வெளியேறிய வேகத்தில் ஆட்களால் வெளியேற முடியவில்லை. விவசாயத்தின் பங்கு குறைந்ததில் பிரச்சினை இல்லை. அதைப் பகிர்ந்துகொள்பவர்கள் அதே அளவு குறையவில்லை.

குட்டைத் தண்டுக்கும் விலை உண்டு. டெல்லா பிரேக் தண்டை மட்டும் பிடிப்பதில்லை. தழைச்சத்தை உறிஞ்சத் தூண்டும் ஒரு புரதத்தையும் அமுக்குகிறது என்று 2018-இல் தெரியவந்தது. அதனால்தான் இந்த ரகங்கள் முழு விளைச்சலைத் தர நிறைய உரம் கேட்கின்றன. உரமானியச் செலவு நாடுகளின் பட்ஜெட்டைக் கடிப்பதற்கு அடியில் இப்படி ஒரு புரதச் சண்டை நடக்கிறது. அந்தப் புரதத்தைக் கூட்டினால் உயரம் ஏறாமலே உறிஞ்சும் திறன் ஏறுகிறது என்று சோதனையில் காட்டியிருக்கிறார்கள். கோதுமைக்கு வேறொரு குறையும் உண்டு. முளையைப் போர்த்தி மண்ணைத் துளைத்து மேலே வரும் உறையும் குட்டையாகிவிட்டதால், விதையை ஆழமாக ஊன்ற முடியாது. மேல்மண் காய்ந்து ஈரம் கீழே இருக்கும் ஆண்டுகளில் இது பெரிய சிக்கல். ஆஸ்திரேலியாவில் இதற்காக வேறொரு குட்டை மரபணுவைக் கோதுமையில் சேர்த்துப் பார்க்கிறார்கள். அது மூன்றாவது வழி: ஜிப்ரல்லின் தயாராகிறது, காதும் கேட்கிறது, ஆனால் அந்த ஹார்மோனைச் சிதைக்கும் நொதி கூடுதலாகச் சுரந்து பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. தண்டு குறைகிறது, முளையுறை மட்டும் தன் பழைய நீளத்திலேயே இருக்கிறது.