டெஸ்டிங் பேன்: சோதனைத் தடையா, சோதனை ஓட்ட வரம்பா?

ஃபார்முலா 1 செய்திகளில் வரும் 'டெஸ்டிங் பேன்' பெரும்பாலும் 'சோதனைத் தடை' என்றே தமிழாகிறது. விதியோ எந்த வண்டியை, எப்போது, எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்று அளந்து கொடுக்கிறது. எனவே 'சோதனை ஓட்ட வரம்பு' என்று எழுதுவதே சரி.

'டெஸ்ட்' என்பதன் வேர் லத்தீன் 'டெஸ்டும்', அதாவது மண்சட்டி. பொன்னையும் வெள்ளியையும் உருக்கி மாற்றுப் பார்க்கும் சட்டிக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு எல்லாச் சோதனைக்கும் பொதுவானது. 'சோதனை'யும் தூய்மையாக்கலைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்ததுதான். வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'ஆய்வோட்டம்' எனலாம். 'ஷேக்டவுன்' வேறு: எண்ணெய்க் கசிவு, வயரிங், கியர் எல்லாம் சரியா என்று புது வண்டியை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பது. புதுத் தேருக்குச் சொல்லும் 'வெள்ளோட்டம்' இதற்கு அச்சாகப் பொருந்தும்.

செலவைக் குறைக்கத்தான் வரம்பு வந்தது. 2008இல் ஓர் அணிக்கு ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர். 2009இல் அது 15,000 ஆனது, பந்தயப் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டமும் நின்றது. அந்த ஆண்டு காயமடைந்த ஃபெராரி அணி ஓட்டுநர் மாஸாவுக்குப் பதிலாக வந்த லூகா படோயர் ஃபெராரியின் நெடுநாள் சோதனை ஓட்டுநர். ஆனாலும் புது வண்டியில் பழக வழியில்லாமல் வலென்சியா தகுதிச் சுற்றில் கடைசியாக வந்தார்.

2025 விதிப்படி, அந்தந்த ஆண்டுப் பந்தயத்தில் ஓடும் நடப்பு வண்டியை விளம்பரப் படப்பிடிப்புக்கு ஓட்டினால் ஒரு நாளுக்கு 200 கிலோமீட்டர்தான், அதுவும் அதற்கென்றே உள்ள டயரில். பழைய வண்டிக்கு ஆண்டில் 20 நாள். பந்தய ஓட்டுநர்களுக்கு அதில் 4 நாள், 1,000 கிலோமீட்டர். 2013இல் மெர்சிடிஸ் அணி நடப்பு வண்டியைக் கொண்டு டயர் தரும் பைரெல்லி நிறுவனத்துக்காக பார்சிலோனாவில் டயர் சோதனை நடத்தியது. அதற்காகக் கண்டிக்கப்பட்டு, சில்வர்ஸ்டோனில் நடந்த இளம் ஓட்டுநர் சோதனையில் கலந்துகொள்ளும் உரிமையை இழந்தது.

தடத்தில் ஓட்டம் குறையும்போது, வண்டியின் சிறு மாதிரிமேல் காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. அங்கேயும் வரம்பு: மாதிரி உண்மை வண்டியில் 60 விழுக்காட்டு அளவு, காற்று வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2022இன் வண்டிகள் அடித்தளத்துக்குக் கீழே ஓடும் காற்றால் தரையோடு அழுந்துபவை. நேர்ப்பாதையில் சுரங்கத்தின் அந்த வேகத்தைவிட மிக அதிக வேகத்தில், அடித்தளம் தரையை நெருங்கியதும் காற்றோட்டம் அறுந்தது. அழுத்தம் போய் வண்டி எழும்பியது. காற்று மீண்டும் ஓட, மறுபடி அழுந்தியது. இந்தத் துள்ளல் பல அணிகளுக்கு பிப்ரவரியில் பார்சிலோனா தடத்தில்தான் தெரியவந்தது.

பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் முன்சக்கரத்துக்குப் பின்னால் குழாய்கள் நிறைந்த சட்டத்தைக் கட்டி ஓடுவதும் இதனால்தான். காற்றழுத்தத்தை அளந்து, சுரங்கத்தில் கிடைத்த எண்களோடு ஒப்பிடுவார்கள். ஓட்டுநர் வேகத்தைச் சீராகப் பிடிக்க வேண்டும். குறுக்குக் காற்று வீசினாலோ, முன்னே போகும் வண்டியின் கலங்கிய காற்றில் சிக்கினாலோ அந்தச் சுற்றின் அளவீடு பயன்படாது.